சுவருக்குக் கேரண்டி இல்லை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதே. உள்ளே புத்திமதி எதுவும் இல்லை, சரக்கு தீர்ந்துபோய் நாளாகிறது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவளே சொல்லியிருப்பாள். எனக்குத் தொப்பை கூடியிருக்கிறது. லாரி எடை போடும் மேடையில் மதியம் ஆள் இல்லாத நேரம் நானே ஏறி நின்று பார்த்தேன். பத்து கிலோவுக்கு ஒரு தடவைதான் அதில் எண் மாறும். ஆகவே உன் அப்பா எண்பது கிலோ, அல்லது தொண்ணூறு.

பதின்மூன்று மாதமாக நமக்குள் பேச்சு இல்லை. ஃபோனை எடுத்தால் என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. காகிதம் என்றால் அடித்து எழுதலாம். மேலே நான்கு வரி அடித்திருக்கிறேன், உற்றுப் பார்க்காதே.

விஷயம் இதுதான். நம் குளியலறைச் சுவருக்குள் நீ பொருத்திய ஃப்ளஷ் டேங்கைப் பற்றி. படுக்கையறைப் பக்கம் ஈரம் படர்ந்ததும் வால்வை மூடினோம் அல்லவா, அன்றிலிருந்து நாங்கள் வாளிதான். இப்போது எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலும் அதே ஈரம். அதே கடை, அதே மாதம் வாங்கிய அதே டேங்க். கொத்தனார் சுவரை உடைத்து வெளியே எடுத்தார். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டேங்கின் பின்பக்கம், இரண்டு பாதியையும் ஒட்டிய இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். தண்ணீர் நிறைந்தால்தான் கசிகிறது.

நான் கடைக்கு ஓடினேன். மேனேஜர் தங்கமான மனிதர். "சார், நீங்க பழைய கஸ்டமர். கேள்வியே கேக்கல. புது டேங்க் எடுத்துட்டுப் போங்க" என்றார். போர் ஜெயித்தவன் மாதிரி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டாள்:

"பழசு எங்க இருக்கு?"

"சுவத்துக்குள்ள."

"புதுசு?"

"கூடத்துல."

"சரி. ரெண்டும் எப்படி இடம் மாறும்?"

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். எத்தனை டைல்ஸ் உடைக்க வேண்டியிருக்கும்? சாதாரணக் கொத்தனார் செய்வாரா? பொருத்தியவன் நீ என்பதால் கேட்கிறேன், வேறு ஒன்றும் இல்லை. நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுது.

உன் அப்பா


ஜனவரி 28

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மா வாளி தூக்கக் கூடாது. நீங்கள் தூக்குங்கள்.

பதினாறு டைல்ஸ் உடைக்க வேண்டும். டேங்கை மூடும் பலகை, பூச்சு, ஓரங்களில் நீர் புகாத பசை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். டேங்க் விலையைப் போல ஐந்து மடங்கு ஆகும். ஆனால் அது உங்கள் செலவு இல்லை.

நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் நுகர்வோர் ஆலோசனை மையம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருக்கும் அம்மா சொன்னது: "சுவத்துக்குள்ள வைக்கிற பொருள வித்திருக்காங்க. யாரும் அத அலமாரியில வெச்சு அழகு பாக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

சட்டம் இப்படி இருக்கிறது. பொருளில் தயாரிப்பிலேயே குறை இருந்து, வாங்கியவர் அது தெரியாமல் முறையாகப் பொருத்தியிருந்தால், பழையதைக் கழற்றும் செலவும் புதியதைப் பொருத்தும் செலவும் விற்றவருடையது. சுவரை உடைத்துச் சரிசெய்வதும் அதில் சேரும். கடைக்காரர் பொருத்தித் தருவதாக முதலில் சொன்னாரா இல்லையா என்பது முக்கியம் இல்லை. ஒரே நிபந்தனை, கோளாறு பொருத்தியதில் இருக்கக் கூடாது.

இதை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள். மாதிரி இணைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருடம் ஆகஸ்ட் 14இல் முடிகிறது, அதற்குள் முடிக்க வேண்டும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு லீவு இல்லை, வர முடியாது.

அம்மாவுக்கு என் அன்பு.


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டோம். நீ சுகம் என்று அறிந்து அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை "நீங்கள் தூக்குங்கள்" என்ற வரியை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னாள். ஆகவே இப்போது வாளி இலாகா என்னிடம். இங்கே குளிர் விட்டுவிட்டது. உனக்கு இருமல் வருகிற மாதம் இது, கழுத்தை மூடிக்கொள்.

நீ அனுப்பிய மாதிரியை என் கையால் அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். "கழற்றுதல் மற்றும் மறுபொருத்துதல்" என்று எழுதும்போது எனக்கே நான் ஒரு பெரிய மனிதன் மாதிரித் தெரிந்தேன். மேனேஜர் படித்தார். தங்கம் பித்தளையாக மாறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"சார், டேங்குக்குத்தான் கேரண்டி. சுவத்துக்கு இல்ல."

"சுவரை நான் உங்ககிட்ட வாங்கலீங்க. சுவத்துக்குள்ள வைக்கிறதை வாங்கினேன்."

"அதான் புதுசு குடுத்துட்டோமே சார்."

"குடுத்தீங்க. அது கூடத்துல உக்காந்திருக்கு. வர்றவங்க எல்லாம் அதுமேல பேப்பர் வைக்கிறாங்க. நாங்க ஒரு ஸ்டூல் கேட்டு வரலீங்களே."

பக்கத்தில் குழாய் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். அவர் நம் கட்சி. மேனேஜருக்கு முகம் சிவந்தது. "ஒரு நிமிஷம் சார், உங்க பழைய பதிவு ஏதோ இருக்கும், பாக்கறேன்" என்று உள்ளே போய் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து புரட்ட ஆரம்பித்தார். எனக்கு எடைமேடையில் அவசர வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. காகிதத்துக்கு முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நீ அங்கே வெயிலில் அலையாதே.

உன் அப்பா


பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

நலம். இருமல் இல்லை.

நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். ஸ்டூல் விஷயத்தை மையத்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே குறித்து வைத்துக்கொண்டார்.

என்ன பழைய பதிவு? நீங்கள் அதற்கு முன்பு அந்தக் கடைக்குப் போய்ப் புகார் எதுவும் கொடுத்தீர்களா? பதிவு இருந்தால் அதன் நகல் கேளுங்கள். கொடுக்க மறுக்க முடியாது.

அவர்கள் கடைசியில் ஒன்றுதான் சொல்வார்கள், பொருத்தியவன் சரியில்லை என்று. அதற்கு நான் தயார். அன்று செய்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவு இருக்கிறது. நான்கு போல்ட்டும் மட்டம் பார்த்து முடுக்கியது. வாஷர் புதிது. பலகை மூடும் முன்னால் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துக் கீழே உலர்ந்த காகிதம் விரித்திருந்தேன். சாயங்காலம் காகிதம் நனையவில்லை. விரிசல் பிறகு திறந்திருக்கிறது. இதை எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுகத்தையும் பத்திரத்தையும் வேண்டும் அப்பா எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது. எடைமேடையில் வருட ஆய்வு. சோதனை எடைக்கற்களை இறக்குவதும் ஏற்றுவதுமாக முதுகு போய்விட்டது. தைலம் வந்தது. அம்மா முழங்காலுக்கு, நான் முதுகுக்கு. வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது.

கடையில் நகல் கிடைக்கவில்லை. மெஷின் ரிப்பேர். அப்புறம் மேனேஜர் ஊரில் இல்லை. அப்புறம் எனக்கே நேரம் இல்லை.

தம்பி, நான் யோசித்தேன். எதற்கு இந்த வழக்கு வம்பு எல்லாம்? டீச்சர் வீட்டுக் கொத்தனார் நல்ல மாதிரி. நாமே செலவழித்துச் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் வாளியே போதும். மனிதன் வாளியோடு எத்தனையோ காலம் வாழ்ந்திருக்கிறான். கைக்கும் பயிற்சி. நீ உன் வேலையைக் கவனி. இதற்காக மெனக்கெட வேண்டாம்.

அம்மா ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: "உங்கப்பா ரெண்டு வாரமா யாரையும் கிண்டல் பண்ணல. எனக்குப் பயமா இருக்கு." அவள் சொன்னபடி எழுதிவிட்டேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் அப்பா


மார்ச் 29

அப்பாவுக்கு,

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்.

விட முடியாது. காரணம் பணம் இல்லை. இங்கே எனக்கு ஃபிட்டர் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். அது வந்தால் நான் தனியாகக் கையெழுத்துப் போட்டு வேலை எடுக்கலாம். படிவத்தில் நான் தனியாகச் செய்த வேலைகளை முதலிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். என் முதல் வேலை நம் வீடு. அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு மூன்று மாதமாகப் படிவத்தை மேசைக்குள் வைத்திருக்கிறேன். எழுதினால் "புகார் உண்டா" என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். உண்டு என்று எழுத என் கை வராது, இல்லை என்று எழுதினால் பொய். படுக்கையறைச் சுவரில் எல்லாரும் பார்த்தார்களே. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் பார்த்தார்.

இப்போதுதான் அது என் தப்பு இல்லை என்று தெரிகிறது. அதை யாராவது காகிதத்தில் எழுத வேண்டும் அப்பா. அவ்வளவுதான்.

உங்களுக்கு அலைச்சல் வேண்டாம். பொருத்தியவன் என்ற முறையில் நானே கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அந்தப் பழைய பதிவின் நகலை எனக்கு நேராக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 14

நகல் வந்தது. உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

புகார் நோட்டு, பக்கம் 61, நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்குப் பதினேழு நாள் முந்தைய தேதி:

"டேங்கில் குறை ஏதும் இல்லை. என் மகன் புதிதாகத் தொழில் பழகியவன். அவன் பொருத்தியதில்தான் கோளாறு. தங்களுக்கு வீண் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்."

கீழே உங்கள் கையெழுத்து.


ஏப்ரல் 23

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நான்கு தாள் கிழித்தேன்.

நீ தலைமை அலுவலகத்துக்கு எழுதியது தெரிந்தவுடனேயே உனக்குச் சொல்லியிருக்கலாம். பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம், மேனேஜர் அந்த நோட்டைப் புரட்டிய உடனே. மெஷின் ரிப்பேர் என்று எழுதியது பொய். மேனேஜர் ஊரில்தான் இருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈரம் படர்ந்த மறுநாள் கடைக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். "யாரு சார் ஃபிட் பண்ணினது?" என்றார். என் பையன் என்றேன். "படிச்சு முடிச்சுட்டாரா?" "இப்பதான் முடிச்சான்." அவர் லேசாகச் சிரித்தார். கல்லாவில் இருந்தவரும் சிரித்தார். எனக்கு ஒரு வியாதி உண்டு, உனக்குத் தெரியும். நாலு பேர் சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நானே முந்திக்கொண்டு சிரிக்க வைத்துவிடுவேன். அப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்றாது. "அவன் டேங்க் வெச்சா அது ஷவர் ஆயிடும்ங்க" என்றேன். கடையே சிரித்தது. டீ நன்றாக இருந்தது. நோட்டை நீட்டி, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதிடுங்க சார் என்றார்கள். எடைச்சீட்டில் நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போடுகிறவன், இதையும் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா குடும்பமும் உன் வாத்தியாரும் சாப்பிட வந்தார்கள். கடையில் எடுபட்ட சரக்கை வீட்டிலும் அவிழ்த்தேன். "வாங்க, என் பையன் வரைஞ்ச படத்தைப் பாருங்க, ஃப்ரேம் போடறதுதான் பாக்கி" என்று எல்லாரையும் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். உன் வாத்தியார் சிரிக்கவில்லை. நீ வாசல் பக்கம் போனாய். அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இன்னொரு ஜோக் சொன்னேன்.

தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும் என்று கடைக்காரனுக்கு எழுதியிருக்கிறேன். அவனுக்கு என்ன தொந்தரவு? உனக்கு ஒரு வரி எழுதப் பதினாறு மாதம் ஆகியிருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அம்மாவுக்கு இந்த நோட்டு விஷயம் நேற்றுவரை தெரியாது. சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று அம்மா மூலம் தெரிந்துகொண்டேன். அவளுடைய காலைப் பற்றி மட்டும் கேட்டாய் என்றாள். சரிதான். நான் பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

மையத்துக்கு நான் தனியாகப் போய் மனு கொடுத்தேன். உன் பெயரைச் சொன்னதும் அங்கே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று பயந்தேன், அது உன் ஊர் மையம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இங்கே வேறு அம்மா. இருபதாம் தேதி வீட்டிலேயே வைத்து விசாரணை என்றார். சுவரை எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகாரி அம்மா, கடை மேனேஜர், டேங்க் கம்பெனியின் சோதனை ஆள், டீச்சர், கொத்தனார். நம் குளியலறையில் இத்தனை பேர் நின்றது இதுவே முதல் தடவை. உள்ளே இடம் இல்லாமல் மேனேஜர் பாதி உடம்பு கதவுக்கு வெளியே.

கொத்தனார் டைல்ஸை எடுத்தார். பலகையைக் கழற்றினார். கம்பெனி ஆள் உள்ளே விளக்கு அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். வால்வைத் திறந்து டேங்கை நிரப்பினார். பின்பக்கத்து ஒட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் வந்தது. பிறகு அவர் உன் வேலையைப் பார்த்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார், மட்டம் வைத்தார். வாஷரைச் சுற்றி விரல் விட்டுத் துடைத்து எங்களுக்குக் காட்டினார். காய்ந்த விரல்.

"இதை யாரு செஞ்சது?" என்றார் கொத்தனாரைப் பார்த்து.

"நான் இல்லீங்க. இவ்வளவு சுத்தமா நான் செய்ய மாட்டேன்" என்றார் கொத்தனார்.

அப்போது மேனேஜர் கதவுக்கு வெளியே இருந்தபடியே நோட்டை நீட்டினார். "மேடம், இதையும் பாருங்க. சாரே எழுதிக் குடுத்திருக்காரு, ஃபிட்டிங் கோளாறுன்னு. நாங்க இதை நம்பித்தான் இருந்தோம்."

அதிகாரி அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"எதை வெச்சு அப்படி எழுதினீங்க?"

தம்பி, அந்தச் சமயத்தில் என் வாயில் ஒரு பதில் வந்தது. நல்ல பதில். சொல்லியிருந்தால் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். உனக்குக்கூட அதை எழுதப் போவதில்லை.

"எதையும் வெச்சு இல்லீங்க" என்றேன். "நான் பாக்கவே இல்ல. அவன் வேலை செஞ்சப்ப பக்கத்துல வந்து நின்னதுகூட இல்ல. கடையில நாலு பேர் இருந்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவன் மேல போட்டுட்டேன்."

"அப்ப இது உண்மை இல்லையா?"

"உண்மை இல்லீங்க. அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். தப்பு டேங்க்ல. அப்புறம் என்கிட்ட."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கூடத்தில் நின்றிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. "அத அப்படியே எழுதிக்கோங்க மேடம்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

எழுதினார்கள். குறை தயாரிப்பில், பொருத்தியது முறைப்படி, கழற்ற, பொருத்த, சுவரைச் சரிசெய்ய ஆகும் நியாயமான செலவு கடையுடையது. மேனேஜருக்குக் கோபம் என் மேல் இல்லை, கம்பெனி ஆள் மேல். அதை அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்களாம்.

என் வாக்குமூலத்தின் முத்திரையிட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பெனி ஆளின் அறிக்கையும் இருக்கிறது. உன் படிவத்துக்கு உதவினால் உதவட்டும்.

சுவர் இப்போது திறந்தே கிடக்கிறது. நான்கு நாளாகப் பல் தேய்க்கும்போது அதைத்தான் பார்க்கிறேன். உன் போல்ட்டுகள் நான்கும் ஒரே அளவு வெளியே நீண்டிருக்கின்றன. நூல் பிடித்த மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


ஜூன் 6

அப்பாவுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலமா என்று கேட்கிறேன். அனைவரும் என்றால் இருவரும்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் அப்போது பிரிக்கவில்லை. மே மாதக் கடிதத்தில் காகிதங்கள் கனமாக இருந்ததால் அதை முதலில் பிரித்தேன். பிறகு மற்றதைப் படித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். படிவத்தில் முதல் வரியை நிரப்பி அனுப்பிவிட்டேன். "புகார் உண்டா" என்ற கட்டத்தில் "இருந்தது, திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதி உங்கள் நகலை இணைத்தேன்.

மையத்து அம்மாவிடம் கேட்டேன். யாரை வைத்துப் பொருத்துவது என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம், செலவு நியாயமாக இருந்தால் போதும் என்கிறார். ஆகவே கடைக்கு ஒரு கொட்டேஷன் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு நகல்:

பழைய டேங்க் கழற்றுதல், புதியது பொருத்துதல், சோதனை: இரண்டு நாள்.
பலகை, பூச்சு, பசை, டைல்ஸ் பதினாறு.
படுக்கையறைச் சுவர் சுரண்டிப் பூசி வெள்ளையடித்தல்: ஒரு நாள்.
பயணச் செலவு: இல்லை. (அதை அவர்களிடம் கேட்பது நியாயம் இல்லை.)
உதவியாள் ஒருவர்: வீட்டுக்காரர். கூலி இல்லை. வேலை நேரத்தில் பேசக் கூடாது.

கடைசி வரி உங்கள் நகலில் மட்டும்.

ஜூலை முதல் வாரம் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இல்லை, ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன்.


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். அம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழங்கால் வலியை மறந்து உன் அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வந்து சேர வேண்டும்.

நேற்று மேனேஜர் எடைமேடைக்கே ஃபோன் செய்தார். மூன்று லாரி வரிசையில் நிற்கும்போது.

"சார், கொட்டேஷன் வந்திருக்கு. கொஞ்சம் அதிகமா இருக்கு சார்."

"பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"நம்மகிட்டயே ஆளு இருக்கு சார். இதுல பாதிக்குச் செய்வாங்க. நாளைக்கே அனுப்பறேன்."

"வேண்டாங்க. எனக்கு இந்த ஃபிட்டர்தான் வேணும். இவர் வேலையை நான் பாத்திருக்கேன்."

சரி என்றார். நானும் அதற்குமேல் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். முதல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

டைல்ஸ் பழைய நிறத்திலேயே கிடைக்கிறது, பதினெட்டு எடுத்து வைக்கிறேன், இரண்டு உடைந்தாலும் கவலை இல்லை. டேங்கை நிரப்பிக் காகிதம் விரித்து வைப்பாயே, அது எந்தக் காகிதம் என்று எழுது, இங்கே வாங்கி வைக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம் என்பதையும் எழுது. மூன்று நாளும் லீவு போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உதவியாள்